பிட்டத்தில் தொடங்கிக் காலில் இறங்கும் வலி: டிஸ்க்கா, பிரிஃபார்மிஸா?

நாற்காலிவாசி

வலது பிட்டத்தின் நடுவில் ஒரு குடைச்சல். உட்கார்ந்து சிறிது நேரமானதும் ஆரம்பிக்கும். கவனிக்காமல் விட்டால் தொடையின் பின்புறமாக முழங்கால் மடிப்பு வரை சுண்டி இழுக்கும். எழுந்து நாலு எட்டு நடந்தால் அடங்கிவிடுகிறது. காரில் நெடுந்தூரம் போய் இறங்கினால் முதல் சில அடிகள் நொண்டித்தான் நடக்கிறேன். முதுகில் சொல்லிக்கொள்ளும்படி வலி இல்லை.

எலும்பு மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். எல்4-எல்5 (கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்புகள்) இடையில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று அறிக்கை வந்தது. இதுதான் காரணம் என்றார். பிசியோதெரபிஸ்ட் பிட்டத்தில் ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், துள்ளிவிட்டேன். டிஸ்க் எல்லாம் இல்லை, பிரிஃபார்மிஸ் தசை நரம்பைப் பிடிக்கிறது என்றார். இருவருமே துளிச் சந்தேகமில்லாமல் பேசுகிறார்கள். சிகிச்சை பற்றி நான் கேட்கவில்லை. காரணம் எது என்று எப்படிப் பிரித்தறிவது? அதுதான் என் கேள்வி.

தசைநார்

நான் பிசியோதெரபிஸ்ட். உங்களைப் பரிசோதித்தவரைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் கட்டைவிரலை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது.

முதலில் அந்தத் தசை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம். முதுகுத்தண்டின் அடியில் முக்கோணமாக இருக்கும் திரிக எலும்பின் முன்பக்கத்தில் அது தொடங்குகிறது. இடுப்பெலும்பில் உள்ள பெரிய இடைவெளி வழியாகப் பின்பக்கம் வந்து, பிட்டத்தின் பெரிய தசைக்கு அடியில் குறுக்காகப் போய், தொடையெலும்பின் மேற்புறத்தில் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படுகிற மேட்டின் உச்சியில் பிடித்துக்கொள்கிறது. நிற்கும்போது தொடையை வெளிப்பக்கம் திருப்புவது அதன் வேலை. இடுப்பை மடக்கி உட்கார்ந்திருக்கும்போது தொடையை அகட்ட உதவும். உடலிலேயே மிகத் தடிமனான நரம்பான சயாட்டிக் நரம்பு, பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தசையின் கீழ்விளிம்பை ஒட்டித்தான் வெளியே வருகிறது. தசை வீங்கினாலோ இறுகினாலோ நரம்பு ஒதுங்கிக்கொள்ள அங்கே அதிக இடமில்லை.

ஏன் இறுகுகிறது என்றால், காரணம் ஒன்றல்ல. பிட்டம் அடிபட விழுவது பழைய காரணம். உள்ளே இரத்தம் கட்டி, ஆறும்போது தழும்பு நார் உருவாகி நரம்போடு ஒட்டிக்கொள்ளும். விழுந்து பல மாதம் கழித்து வலி தொடங்குவதும் உண்டு, அதனால் நோயாளிக்கு விழுந்ததே நினைவில் இருக்காது, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அடுத்தது அளவுக்கு மீறிய வேலை. ஓடுபவர்களிடம், அதுவும் மேடேறி ஓடும் தூரத்தைத் திடீரென்று கூட்டியவர்களிடம் நிறையப் பார்க்கிறேன். பிட்டத்தின் மற்ற தசைகள் பலவீனமாக இருந்தால் இடுப்பை நிலைநிறுத்தும் சுமை இந்தச் சிறிய தசையின் தலையில் விழுகிறது. இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் வரலாம். நீண்ட நேரம் உட்காருவதைத் தனிக் காரணம் என்பதைவிட, ஏற்கெனவே எரிச்சலடைந்த இடத்தை நசுக்கிக்கொண்டே இருப்பது என்பேன்.

சந்தேகராமன்

தசைநார் நிதானமாக எழுதியிருக்கிறார். ஆனால் இந்த நோய்ப்பெயர் கொஞ்ச காலமாக நாகரிகமாகிவிட்டது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். பிட்டத்தில் வலி என்று வாயைத் திறந்தாலே பிரிஃபார்மிஸ் என்கிறார்கள்.

அந்த இடத்தில் அழுத்தினால் விரலுக்கும் பிரிஃபார்மிஸுக்கும் நடுவே தோல், கொழுப்பு, குளூட்டியஸ் மேக்சிமஸ் என்ற கனத்த தசை எல்லாம் இருக்கின்றன. அதற்கும் கீழே நரம்பு. டிஸ்க்கினால் நரம்பு வேர் (முதுகுத்தண்டைவிட்டு நரம்பு கிளம்பும் இடம்) எரிச்சலடைந்தவர்களுக்கும் பிட்டத்தில் அழுத்தினால் வலிக்கும். வலியே இல்லாத ஒருவரைப் போதுமான பலத்தோடு அழுத்திப் பாருங்கள், அவரும் துள்ளுவார்.

வரலாறும் வேடிக்கையானது. 1928ல் யோமன் என்ற மருத்துவர், திரிக எலும்பு மூட்டின் அழற்சி பிரிஃபார்மிஸ் வழியாக நரம்பைப் பாதிக்கலாம் என்று எழுதினார். ஃப்ரைபர்கும் விங்கியும் 1934ல் அதே திசையில் எழுதினார்கள். அதே 1934ல்தான் மிக்ஸ்டரும் பாரும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதை அறுவைச் சிகிச்சை ஆதாரத்தோடு காட்டினார்கள். அதன்பின் கால்வலி என்றாலே எல்லோர் கண்ணும் டிஸ்க் பக்கம் திரும்பிவிட்டது. பிரிஃபார்மிஸ் சிண்ட்ரோம் என்ற பெயரையே ராபின்சன் 1947ல்தான் வைத்தார். இப்போது ஊசல் மறுபக்கம் ஆடுகிறது.

நாற்காலிவாசி

நல்லது, ஆனால் என் டிஸ்க் பிதுங்கியிருப்பது படத்தில் தெரிகிறதே? பிரிஃபார்மிஸ் படத்தில் தெரியவில்லை. கண்ணால் கண்டதை விட்டுவிட்டுக் காணாததை ஏன் நம்ப வேண்டும்?

மின்முள்

நரம்புக் கடத்தல் சோதனை செய்யும் மருத்துவர் நான். உங்கள் கேள்வியில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, உங்களுக்கு எடுத்தது கீழ்முதுகுப் படமாக இருந்தால் அதில் பிரிஃபார்மிஸ் சரியாக விழுந்திருக்காது. பார்க்காத இடத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பது எதற்கும் சான்றல்ல.

இரண்டாவது, பிதுங்கிய டிஸ்க் என்பது வலியில்லாதவர்களிடமும் சர்வசாதாரணம். முதுகு வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்களைத் தொகுத்த ஆய்வு 2015ல் வந்தது. 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது, 50 வயதில் 60 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். ஆகவே அறிக்கையில் அந்த வரி இருப்பது குற்றவாளி அந்த ஊரில் வசிக்கிறான் என்பதற்குச் சமம். அங்கே இன்னும் பலர் வசிக்கிறார்கள்.

படத்தில் தெரிவதும் உடலில் நடப்பதும் பொருந்துகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும். எல்4-எல்5 டிஸ்க் பெரும்பாலும் எல்5 வேரைத் தொடும். அந்த வேர் பாதிக்கப்பட்டால் வலி கெண்டைக்காலின் வெளிப்புறமாக இறங்கிப் பாதத்தின் மேற்பகுதிக்கும் பெருவிரலுக்கும் போகும். பெருவிரலை மேல்நோக்கித் தூக்கும் பலம் குறையும். உங்கள் வலி முழங்கால் மடிப்போடு நிற்கிறது. இதை வைத்து டிஸ்க் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் பொருத்தம் சுமார்தான்.

சிலவற்றைச் சொல்லுங்கள். இருமினால், தும்மினால், முக்கினால் வலி காலுக்குப் பாய்கிறதா? முன்னால் குனிந்தால் கூடுகிறதா? குதிகாலில் நடக்க முடிகிறதா? நுனிக்காலில்? எங்காவது மரத்துப் போயிருக்கிறதா? கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால் என்ன ஆகிறது?

நாற்காலிவாசி

இருமினாலும் தும்மினாலும் ஒன்றும் இல்லை. குனிந்தால் தொடையின் பின்பக்கம் இழுக்கிறது, ஆனால் அது எனக்கு எப்போதுமே உண்டு. குதிகாலிலும் நுனிக்காலிலும் நடக்க முடிகிறது. மரத்துப்போகவில்லை. வலது காலை இடது கால்மேல் போட்டால் ஒரு நிமிடம்கூடத் தாங்க முடியாது. இடது காலை வலது கால்மேல் போட்டால் பரவாயில்லை.

மலைப்பாதை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் ஓடுபவள். எனக்கும் பிரிஃபார்மிஸ் என்றுதான் சொன்னார்கள். முழங்காலை மார்போடு அணைத்து இழுக்கும் பயிற்சியைத் தினமும் செய்யச் சொன்னார்கள். செய்யச் செய்ய வலி கூடியது. கடைசியில் வேறொருவர் பரிசோதித்தபோது பிரச்சினை தொடையின் பின்தசை உட்காரும் எலும்பில் பிடித்துக்கொள்ளும் தசைநாணில் இருப்பது தெரிந்தது. நீட்டி இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நாண் எலும்பின்மேல் நசுங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

உட்கார்ந்தால் வலி, பிட்டத்தில் வலி, தொடையில் இழுப்பு என்று சொல்லும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இடம்தான் வித்தியாசம். எனக்குச் சரியாக உட்காரும் எலும்பின்மேல் வலித்தது, கடினமான பலகையில் உட்கார்ந்தால் அந்தப் புள்ளியைத் தொட்டுக் காட்ட முடியும். நாற்காலிவாசி நடுப்பிட்டம் என்கிறார், அது அதற்கு மேலே. எட்டு வைத்து வேகமாக ஓடும்போதும் எனக்குக் கூடியது. தயவுசெய்து ஒரு விரலால் தொட்டு எங்கே என்று காட்டுங்கள். உள்ளங்கையால் தடவிக் காட்டினால் எந்த மருத்துவருக்கும் பயனில்லை.

தசைநார்

மலைப்பாதை சொல்வது மிக முக்கியம். ஒரு விரல் சோதனையைத்தான் நானும் முதலில் கேட்பேன்.

2010ல் ஹோபயான் என்பவரும் உடனிருந்தவர்களும் அதுவரை வந்த 55 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். திரும்பத் திரும்ப வந்த அறிகுறிகள் நான்கு: பிட்ட வலி, உட்கார்ந்தால் கூடுதல், நரம்பு வெளியேறும் பள்ளத்தின்மேல் தொட்டால் வலி, தசையை இறுக்கும் அசைவுகளில் வலி. நாற்காலிவாசிக்கு முதல் மூன்றும் இருக்கின்றன. நான்காவதைத்தான் ஒழுங்காகச் சோதிக்க வேண்டும்.

அதற்குப் பல சோதனைகள் உள்ளன, எல்லாமே இரண்டே வழிகளில் அடங்கும்: ஒன்று தசையை இழுத்துப் பார்ப்பது, இன்னொன்று தசையை வேலை செய்யச் சொல்லி எதிர்ப்பது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேலே உள்ள காலின் இடுப்பை மடக்கி, முழங்காலை உள்பக்கம் இறக்கி, தொடையை உள்நோக்கித் திருப்பினால் தசை இழுபடும். இதைத்தான் ஃபேர் சோதனை என்கிறார்கள். ஃப்ரைபர்க் சோதனையில் கால் நீட்டிய நிலையிலேயே தொடையை உள்நோக்கித் திருப்புவார்கள். பேஸ் சோதனையில் உட்கார்ந்த நோயாளி முழங்கால்களை அகட்டுவார், பரிசோதகர் கைகளால் தடுப்பார்.

நான் அதிகம் நம்புவது மார்ட்டின் குழு 2014ல் வெளியிட்ட இரண்டை. முதலாவதில் நோயாளியை மேசை விளிம்பில் உட்காரவைத்து முழங்காலை நீட்டச் சொல்கிறேன். என் ஒரு கையின் நடுவிரல் உட்காரும் எலும்புக்குச் சற்று வெளியே இருக்கும், ஆட்காட்டி விரல் அதற்கு மேலே நரம்புப் பள்ளத்தில். மறுகையால் தொடையை உள்பக்கம் கொண்டுவந்து திருப்புகிறேன். வலி வந்தால் எந்த விரலுக்கு அடியில் வருகிறது என்பதையும் அதே கணத்தில் அறிந்துவிடலாம். இரண்டாவதில் நோயாளி ஒருக்களித்துப் படுத்துக் குதிகாலை மேசையில் அழுத்தி, முழங்காலை மேல்நோக்கித் திறப்பார், நான் தடுப்பேன், அப்போதும் ஒரு கை பள்ளத்தில்தான். இரண்டையும் சேர்த்துச் செய்தால், நரம்பு உண்மையிலேயே அகப்பட்டிருப்பவர்களில் 91 சதவீதம் பேரைப் பிடித்தது, அகப்படாதவர்களில் 80 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது. சிறிய ஆய்வுதான், அதை மறைக்கவில்லை.

சந்தேகராமன்

ஃபேர் சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. இடுப்பை மடக்கி உள்நோக்கித் திருப்புவது இடுப்பு மூட்டில் எலும்போடு எலும்பு உரசுபவர்களுக்கும் வலியைத் தரும். அந்த நோய்க்கான சோதனையும் ஏறத்தாழ இதே அசைவுதான்! எனவே 'வலித்ததா?' என்று கேட்டுப் பயனில்லை, 'எங்கே வலித்தது?' என்று கேட்க வேண்டும். கவட்டிப் பக்கம், முன்புறம் வலித்தால் மூட்டைப் பாருங்கள். பின்புறம், வழக்கமாக வரும் அதே வலி வந்தால் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு.

திரிக எலும்பு மூட்டையும் மறக்க வேண்டாம். அதன் வலி பிட்டத்தின் மேல்பகுதியில், இடுப்பின் பின்புறம் தோலில் தெரியும் சிறு பள்ளத்தைச் சுற்றி வரும்.

பழைய நோயாளி

எனக்கு வந்தது உண்மையிலேயே பிரிஃபார்மிஸ்தான் என்று ஊசி போட்டு நிரூபித்தார்கள். அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே தசைக்குள் மரப்பு மருந்தைச் செலுத்தினார்கள். மேசையைவிட்டு இறங்குவதற்குள் வலி போய்விட்டது. அன்று மாலை வரைக்கும் கால் சொன்னபடி கேட்கவில்லை என்பது வேறு விஷயம். முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

இன்னொன்று, பின்பாக்கெட்டில் பர்ஸ் வைத்திருக்கிறீர்களா? சிரிக்க வேண்டாம். 1978லேயே அமெரிக்க மருத்துவச் சங்க இதழில், கிரெடிட் கார்டுகள் நிறைந்த பர்ஸ்மேல் உட்கார்வதால் வரும் சயாட்டிகா (சயாட்டிக் நரம்பு வழியே காலில் இறங்கும் வலி) பற்றி ஒரு குறிப்பு வந்திருக்கிறது.

நாற்காலிவாசி

பர்ஸ் வலது பின்பாக்கெட்டில்தான் இருந்தது. எடுத்துவிட்டேன். அந்த ஊசியை எனக்கும் போட்டுவிட்டால் கேள்வி தீர்ந்துவிடுமா?

மின்முள்

பாதி தீரும். அந்த ஊசியால் வலி போனால் வலியின் மூலம் அந்த வட்டாரத்தில் இருக்கிறது என்று பொருள். ஆனால் மருந்து தசையோடு நின்றுவிடாது. பழைய நோயாளிக்குக் கால் சொன்னபடி கேட்காததற்குக் காரணமே மருந்து பக்கத்தில் இருக்கும் நரம்பையும் தொட்டதுதான். நரம்பே மரத்துவிட்டால், வலி எங்கிருந்து வந்தாலும் கொஞ்ச நேரம் குறையத்தான் செய்யும். கண்ணை மூடிக்கொண்டு குத்துவதைவிட அல்ட்ராசவுண்டில் பார்த்துச் செலுத்துவது நல்லது. மருந்து குறைவாக இருந்தால் பதிலும் தெளிவாக இருக்கும்.

என் துறைச் சோதனை பற்றியும் சொல்லிவிடுகிறேன். இ.எம்.ஜி.யில் மெல்லிய ஊசியைத் தசைகளில் செலுத்தி அவற்றின் மின்செயல்பாட்டைக் கேட்கிறோம். நரம்பு வேரிலேயே கோளாறு என்றால் முதுகுத்தண்டை ஒட்டிய தசைகளிலும் மாறுதல் தெரியலாம், ஏனென்றால் அவற்றுக்கான கிளை மிக மேலேயே பிரிந்துவிடுகிறது. பிட்டத்தில் அகப்பட்ட நரம்பு என்றால் முதுகுத் தசைகள் தப்பித்திருக்கும், கீழே உள்ள தசைகள் மட்டும் பாதிப்பைக் காட்டும். ஃபிஷ்மன் குழு 2002ல், ஃபேர் நிலையில் காலை வைத்தபடியே எச் ரிஃப்ளெக்ஸ் என்ற அனிச்சைச் சைகையை அளந்து, அது தாமதமாவதை அடையாளமாகப் பயன்படுத்தியது. ஆனால் பிரிஃபார்மிஸ் வலியுள்ள பலருக்கு வழக்கமான இ.எம்.ஜி. ஒன்றுமே காட்டாது. சில நிலைகளில் மட்டும் எரிச்சலடையும் நரம்பு, ஆய்வு மேசையில் அமைதியாக இருந்துவிடும்.

நரம்பையே படம் பிடிக்கும் எம்.ஆர். நியூரோகிராஃபி என்று ஒன்று உண்டு. ஃபில்லர் குழுவின் 2005 ஆய்வில், இரு பக்கத் தசைகளும் அளவில் வேறுபட்டு, பள்ளத்தில் நரம்பும் வழக்கத்தைவிடப் பளிச்சென்று தெரிந்தால் அது பிரிஃபார்மிஸ் என்பதற்கு 93 சதவீதம் குறிப்புத்தன்மை இருந்தது, அதாவது அந்த நோய் இல்லாதவர்களில் அத்தனை பேரைச் சரியாக விலக்கியது. நுண்ணுணர்வு, அதாவது நோய் உள்ளவர்களைப் பிடிப்பது, 64 சதவீதம் மட்டுமே. தெரிந்தால் நம்பலாம், தெரியாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

மலைப்பாதை

சிலருக்கு நரம்பு தசையைத் துளைத்துக்கொண்டே போகும் என்று படித்தேன். அவர்களுக்குத்தான் இந்த நோய் வருகிறதா?

மின்முள்

கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் எண்கள் ஒத்துழைக்கவில்லை. நரம்பு இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி தசைக்குள் போவது போன்ற மாறுபாடுகள், 2010ல் வந்த ஒரு தொகுப்பின்படி, உடற்கூறு அறையில் அறுத்துப் பார்த்தவர்களில் 16.9 சதவீதம். இந்த வலிக்காக அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டவர்களில் 16.2 சதவீதம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. பிறவி மாறுபாடே காரணம் என்றால் இரண்டாவது எண் எகிறியிருக்க வேண்டும்.

புதுவரவு

எனக்கும் இதே மாதிரி பிட்ட வலி நெடுநாளாக. நேற்றிலிருந்து நடக்கும்போது பாதம் தரையில் இடறுகிறது. சிறுநீர் வருவதும் சரியாகத் தெரியவில்லை, உட்காரும் இடம் மரத்துப் போனதுபோல் இருக்கிறது. எந்தப் பயிற்சி செய்யலாம்?

மின்முள்

பயிற்சி எதுவும் வேண்டாம். இதைப் படித்த உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தொடையிடுக்கில் மரத்துப்போவது, சிறுநீர் உணர்வு குறைவது, பாதம் தொங்குவது ஆகியவை முதுகுத்தண்டின் அடியில் நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறிகளாக இருக்கலாம். நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். நீங்களே வண்டி ஓட்டிப் போக வேண்டாம்.

தசைநார்

மற்றவர்களுக்கும் சேர்த்து: பிட்ட வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்திருந்தாலும் விடாத இரவு வலி, முன்பு வந்த புற்றுநோய் இவற்றில் எது இருந்தாலும் பிரிஃபார்மிஸ் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். அந்தத் தசைக்குள் சீழ் கட்டுவதுகூட அரிதாக உண்டு.

நாற்காலிவாசி

வேறொரு மருத்துவரிடம் போய் வந்தேன். தசைநார் எழுதிய இரண்டு சோதனைகளையும் செய்தார். உட்கார்ந்து செய்ததில் மேல் விரலுக்கு அடியில் என் வழக்கமான வலி அப்படியே வந்தது. படுக்கவைத்து நீட்டிய காலைத் தூக்கியபோது தொடையின் பின்புறம் இழுத்ததே தவிர வலி காலில் பாயவில்லை. அனிச்சைச் செயல்கள், பெருவிரல் பலம், தொடு உணர்வு எல்லாம் இரு பக்கமும் சமம். இடுப்பு மூட்டிலும் குறையில்லை என்றார். 'பிரிஃபார்மிஸ் பகுதியில் நரம்பு எரிச்சல், பெரும்பாலும்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தப் 'பெரும்பாலும்' எனக்குப் பிடித்திருக்கிறது.

சந்தேகராமன்

எனக்கும்! அவர் 'பகுதி' என்று எழுதியதையும் கவனியுங்கள். அங்கே நரம்பைப் பிடிக்கக்கூடியது பிரிஃபார்மிஸ் மட்டும் இல்லை. அதற்குக் கீழே உள்ள உள் ஆப்டுரேட்டர் தசை, நார்ப்பட்டைகள், உட்காரும் எலும்புக்கும் தொடையெலும்புக்கும் இடையிலான குறுகல், மலைப்பாதைக்கு வந்த பின்தொடை நாண் என்று எத்தனையோ உண்டு. அதனால் பலர் இப்போது ஆழ்பிட்ட நோய்த்தொகுப்பு என்று பொதுப்பெயரால் சொல்கிறார்கள். நியூரோகிராஃபி எடுக்கச் சொன்னாரா?

நாற்காலிவாசி

இல்லை. ஆறு வாரம் பயிற்சி செய்துவிட்டு வரச் சொன்னார். குறையவில்லை என்றால் அல்ட்ராசவுண்ட் ஊசி, அதற்கும் பிறகுதான் படம் என்றார்.

இரவுநேரம்

இழையை முழுக்கப் படித்தேன். எனக்கு இடது பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை இதே வலி, ஆனால் மாதவிடாய்க்கு முந்தைய சில நாட்களில் தொடங்கி முடிந்ததும் போய்விடுகிறது. முதுகு எம்.ஆர்.ஐ. சரியாக இருக்கிறது. இதுவும் பிரிஃபார்மிஸாக இருக்குமா?

மின்முள்

மாதச் சுழற்சியோடு வந்து போகும் சயாட்டிகாவைப் பிரிஃபார்மிஸ் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். கருப்பை உட்சவ்வு போன்ற திசு வேறிடத்தில் வளரும் எண்டோமெட்ரியோசிஸ், அரிதாக இடுப்புக்குழியில் சயாட்டிக் நரம்பை ஒட்டியும் வளரும். முதுகுப் படத்தில் அது விழாது. வலி வந்த நாட்களையும் மாதவிடாய் நாட்களையும் ஒரே தாளில் குறித்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். இடுப்புக்குழி எம்.ஆர்.ஐ. தேவையா என்று அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். சுழற்சிக்கு வெளியே உள்ள நாட்களில் துளியும் வலி இல்லையா, அல்லது குறைவாக இருக்கிறதா? அதையும் எழுதிக் கொண்டு போங்கள்.